டிராப்டவுன் பட்டியலில் உள்ளதைத் தானியங்கிச் சோதனையில் தவறின்றிப் படிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

பாளையங்கோட்டையில் சோதனைப் பணிக்குப் புதிதாக வருபவர்களுக்குப் பயிற்சி அளிக்கும்போது, முதல் வாரத்திலேயே ஒரு முகவரிப் படிவத்தைக் கொடுப்பது என் வழக்கம். அதில் மாவட்டம், வட்டம் என்று இரண்டு டிராப்டவுன்கள் இருக்கும். முதலாவதில் மாவட்டத்தைத் தேர்ந்தெடுத்தால், அதற்குரிய வட்டங்கள் சர்வரிலிருந்து வந்து இரண்டாவதில் நிரம்பும். வட்டங்களின் பெயர்கள் சரியாக வருகின்றனவா என்று சோதிக்க வேண்டும், வேலை அவ்வளவுதான்.

பெரும்பாலோர் அரை மணி நேரத்தில் ஸ்கிரிப்டை எழுதி முடித்து, பச்சை நிறத்தில் பாஸ் என்று காட்டிவிடுவார்கள். அவற்றைப் பிரித்துப் பார்த்தால், சிலவற்றில் பட்டியல் படிக்கப்படவே இல்லை. சிலவற்றில் படிக்கப்பட்டது முந்தைய மாவட்டத்தின் பட்டியல். படிக்கும் கட்டளை ஒரே வரிதான், அதில் எவரும் தவறுவதில்லை. அதற்கு முன்னும் பின்னும் செய்ய வேண்டியவற்றை வரிசை மாற்றிச் செய்வதிலும், சிலவற்றை விட்டுவிடுவதிலும்தான் தவறு நேர்கிறது. ஆகவே கீழே உள்ள படிகளை அதே வரிசையில் பின்பற்றுங்கள். எடுத்துக்காட்டுகள், பிரவுசரைத் தானாக இயக்கும் கருவியான செலினியம் 4-ஐ ஜாவாவில் எழுதுவதை ஒட்டியவை. பைத்தானிலும் கருத்து ஒன்றே.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

செலினியம் 4.6 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பை நிறுவுங்கள். அந்தப் பதிப்பு முதல் செலினியம் மேனேஜர் உடன் வருவதால், பிரவுசருக்கு ஏற்ற டிரைவரைத் தனியாகத் தேடி இறக்க வேண்டியதில்லை.

அதைவிட முக்கியமானது, எதிர்பார்க்கும் பட்டியல். அதைச் சோதிக்கப்படும் திரையிலிருந்தே நகலெடுத்து எழுதாதீர்கள். அப்படி எழுதினால் திரையில் இருக்கும் பிழையும் சேர்ந்து சரியானதாகிவிடும். தேவை ஆவணத்திலிருந்தோ, அரசு வெளியிட்டுள்ள வட்டங்களின் பட்டியலிலிருந்தோ எடுங்கள்.

எங்கள் படிவத்தில் திருநெல்வேலி மாவட்டத்துக்கு எட்டு வட்டங்கள் வர வேண்டும்: திருநெல்வேலி, பாளையங்கோட்டை, மானூர், சேரன்மகாதேவி, அம்பாசமுத்திரம், நாங்குநேரி, ராதாபுரம், திசையன்விளை. பழைய கோப்பு ஒன்றிலிருந்து எடுத்தவர்களின் பட்டியலில் சங்கரன்கோவிலும் செங்கோட்டையும் இருந்தன. தென்காசி தனி மாவட்டமானது 2019 நவம்பரில். அதற்கு முந்தைய கோப்பு அது. எதிர்பார்க்கும் பட்டியல் எந்த நாளுக்குரியது என்பதைக் கோப்பின் தலைப்பிலேயே எழுதி வையுங்கள்.

2. எதைப் படிக்கப் போகிறோம் என்று முடிவு செய்தல்

டிராப்டவுனின் மதிப்பு என்று சொல்லும்போது மூன்று வேறு பொருள்கள் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. பட்டியலில் உள்ள எல்லா ஆப்ஷன்களும் ஒன்று. அவற்றுள் இப்போது தேர்ந்தெடுக்கப்பட்டிருப்பது இன்னொன்று. அந்தத் தேர்வுக்காகச் சர்வருக்கு அனுப்பப்படும் வேல்யூ மூன்றாவது.

திரையில் ‘திருநெல்வேலி’ என்று தெரியும் ஆப்ஷனுக்குள் வேல்யூவாக 72 இருக்கலாம். நம் வட்டாரப் போக்குவரத்துக் குறியீடுகளை வேல்யூவாக வைத்த படிவம் ஒன்றில் திருநெல்வேலிக்கு 72, தென்காசிக்கு 76, தூத்துக்குடிக்கு 69 என்று இருந்தது. பயனர் பார்ப்பது பெயரை; தரவுத்தளத்தில் சேமிக்கப்படுவது எண்ணை. பெயர் சரியாக இருந்து எண் மாறியிருந்தால், திரையைப் பார்த்து எவரும் கண்டுபிடிக்க முடியாது. ஆகவே டெஸ்ட் கேஸின் பெயரிலேயே எதைப் படிக்கிறோம் என்பதை எழுதிவிடுங்கள். இரண்டும் தேவையென்றால் இரண்டையும் ஜோடியாகப் படியுங்கள்.

3. அது உண்மையில் என்ன வகைப் பட்டியல் என்று பார்த்தல்

டிராப்டவுன் மீது வலது சொடுக்கு செய்து, இன்ஸ்பெக்ட் கொடுத்து, டேகின் (பக்கத்தின் ஒவ்வொரு பகுதியையும் குறிக்கும் எச்டிஎம்எல் குறியின்) பெயரைப் பாருங்கள். ‘செலக்ட்’ என்ற டேக் இருந்தால், அது பிரவுசரே தரும் பட்டியல். ‘டிவ்’, ‘யுஎல்’ போன்றவை இருந்தால், அது டிராப்டவுன் போல வரையப்பட்ட வேறொன்று.

இந்தப் படியைத் தாண்டிச் செல்பவர்கள்தான், செலினியத்தின் செலக்ட் வகுப்பை ஒரு ‘டிவ்’ மீது பயன்படுத்தி, அன்எக்ஸ்பெக்டட் டேக் நேம் என்ற எக்ஸெப்ஷனை (ஸ்கிரிப்டை நிறுத்தும் பிழையை) பெற்று, லொக்கேட்டர் (பக்கத்தில் அந்த இடத்தைக் கண்டுபிடிக்கும் முகவரி) தவறு என்று எண்ணி, ஒரு பகல் முழுவதும் அந்த முகவரியை எழுதும் எக்ஸ்பாத்தை மாற்றிக்கொண்டிருப்பார்கள். செலக்ட் வகுப்பு ‘செலக்ட்’ டேகை மட்டுமே ஏற்கும். வேறு எதைக் கொடுத்தாலும் மறுத்துவிடும்.

இதே நேரத்தில், அந்த எலிமென்ட் (பக்கத்தின் உறுப்பு) ஓர் ஐஃப்ரேமுக்குள் (பக்கத்துக்குள் பதிக்கப்பட்ட இன்னொரு பக்கத்துக்குள்) இருக்கிறதா, ஷேடோ டாமுக்குள் (பக்கத்தின் மற்ற பகுதிகளிலிருந்து பிரித்து வைக்கப்பட்ட உட்பகுதிக்குள்) இருக்கிறதா என்றும் பாருங்கள். ஐஃப்ரேம் என்றால் முதலில் அதற்குள் மாற வேண்டும். ஷேடோ டாம் என்றால் செலினியம் 4-இல் உள்ள கெட்ஷேடோரூட் வழியாக உள்ளே செல்ல வேண்டும்.

4. பட்டியல் நிரம்பும் வரை காத்திருத்தல்

புதியவர்கள் அதிகம் இடறுவது இந்தப் படியில்தான். இதைச் சற்று நிதானமாகப் படியுங்கள்.

பக்கம் திறந்துவிட்டது என்பதும், டிராப்டவுன் வந்துவிட்டது என்பதும், அதற்குள் ஆப்ஷன்கள் வந்துவிட்டன என்பதும் மூன்று வேறு நிகழ்வுகள். எலிமென்ட் தெரியும் வரை காத்திருக்கும் கட்டளை இரண்டாவது நிகழ்வோடு நின்றுவிடுகிறது. அந்த நொடியில் வட்டப் பட்டியலில் ‘தேர்ந்தெடுக்கவும்’ என்ற ஒரே வரிதான் இருக்கும், அல்லது எதுவுமே இருக்காது.

காலிப் பட்டியலைப் படித்தால் டெஸ்ட் ஃபெயில் ஆகிவிடுமே என்று தோன்றும். ஆகாது. வந்த ஒவ்வொரு ஆப்ஷனையும் எடுத்து, அது எதிர்பார்க்கும் பட்டியலில் இருக்கிறதா என்று ஒரு லூப்பில் சோதிப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஆப்ஷனே இல்லையென்றால் லூப் ஒரு முறைகூட ஓடாது. அதற்குள் இருக்கும் அசெர்ஷனும், அதாவது சரியா தவறா என்று தீர்மானிக்கும் வரியும், ஓடாது. டெஸ்ட் பாஸ் ஆகும். நான் எழுதிய ஸ்கிரிப்ட் ஒன்றே இப்படிப் பல வாரங்கள் பச்சையாக ஓடியது. ஒரு வெளியீட்டில் வட்டப் பட்டியல் முழுவதும் காலியாகப் போய், வாடிக்கையாளர் சொன்ன பிறகுதான் அது தெரிந்தது. அன்று முதல், பட்டியலின் எண்ணிக்கையைச் சோதிக்கும் அசெர்ஷன் இல்லாமல் எந்த லூப்பையும் நான் ஏற்பதில்லை.

தீர்வு, எக்ஸ்பிளிசிட் வெயிட். ‘ஆப்ஷன்களின் எண்ணிக்கை ஒன்றுக்கு மேல் ஆகும் வரை, அதிகபட்சம் 10 நொடி காத்திரு’ என்று வெப்டிரைவர்வெயிட் மூலம் எழுதுங்கள். நிபந்தனை நிறைவேறிய உடனே அது அடுத்த வரிக்குச் சென்றுவிடும். திரெட் ஸ்லீப் போட்டு ஐந்து நொடி தூங்க வைப்பது இதற்கு மாற்று ஆகாது: நெட்வொர்க் வேகமாக இருக்கும் நாளில் அந்த ஐந்து நொடியும் வீண், மெதுவாக இருக்கும் நாளில் அது போதாது. எலிமென்டைத் தேடும் ஒவ்வொரு கட்டளைக்கும் பொதுவாக வைக்கும் இம்ப்ளிசிட் வெயிட்டையும் எக்ஸ்பிளிசிட் வெயிட்டையும் ஒரே ஸ்கிரிப்டில் கலக்காதீர்கள். காத்திருக்கும் நேரம் கணக்குக்கு அடங்காமல் நீளும்.

ஒன்றைச் சார்ந்து இன்னொன்று நிரம்பும் பட்டியல்களில் எண்ணிக்கையும் ஏமாற்றும். எங்கள் படிவத்தில் திருநெல்வேலியைத் தேர்ந்தெடுத்துப் படித்த பின், தென்காசியைத் தேர்ந்தெடுத்தால், புதிய வட்டங்கள் வந்து சேரும் வரை பழைய வட்டங்கள் அப்படியே இருக்கும். ‘ஒன்றுக்கு மேல்’ என்ற நிபந்தனை அந்தக் கணமே நிறைவேறிவிடும். ஸ்கிரிப்ட் தென்காசி என்று எண்ணிக்கொண்டு மானூரையும் ராதாபுரத்தையும் படித்துவிடும். சரி, எட்டு வரும் வரை காத்திருக்கலாம் என்றால், தென்காசி மாவட்டத்துக்கும் வட்டங்கள் எட்டுதான். இந்த இரண்டு மாவட்டங்களையும் பயிற்சிக்கு நான் தேர்ந்தெடுத்ததே இதற்காகத்தான்.

இங்கே காத்திருக்க வேண்டியது உள்ளடக்கத்துக்காக. ஆலங்குளம் தென்காசி மாவட்டத்தில் மட்டுமே உள்ள வட்டம்; ஆகவே ‘ஆலங்குளம் என்ற ஆப்ஷன் வரும் வரை காத்திரு’ என்று எழுதுங்கள். பழைய ஆப்ஷன் ஒன்றைப் பிடித்து வைத்துக்கொண்டு, அது மறையும் வரை காத்திருக்கும் ஸ்டேல்னெஸ் முறையும் உண்டு. ஆனால் சில ஃபிரேம்வொர்க்குகள் பழைய எலிமென்டை நீக்காமல் அதற்குள் உள்ள எழுத்தை மட்டும் மாற்றுவதால், அந்த முறை எல்லா இடத்திலும் பலிக்காது.

5. எல்லா ஆப்ஷன்களையும் படித்தல்

டேக் ‘செலக்ட்’ ஆக இருந்தால், அந்த எலிமென்டைக் கொடுத்துச் செலக்ட் வகுப்பின் ஆப்ஜெக்ட் ஒன்றை உருவாக்கி, கெட்ஆப்ஷன்ஸ் என்று அழையுங்கள். பட்டியலைச் சொடுக்கித் திறக்க வேண்டியதில்லை. ஆப்ஷன்கள் குழுக்களாகப் பிரிக்கப்பட்டிருந்தாலும் எல்லாம் சேர்ந்து வரும். ஒவ்வொன்றிலும் கெட்டெக்ஸ்ட் கொடுத்தால் பெயர் கிடைக்கும்.

‘தேர்ந்தெடுக்கவும்’ என்ற முதல் வரியும் ஓர் ஆப்ஷன்தான். தேர்ந்தெடுக்க முடியாதவாறு முடக்கப்பட்டிருந்தாலும் அது பட்டியலில் வரும். எனவே எட்டு வட்டங்களுக்கு ஒன்பது ஆப்ஷன்கள் கிடைக்கும். முதல் வரியைக் கண்ணை மூடிக்கொண்டு வெட்டிவிடாதீர்கள். அது எதிர்பார்த்த அந்த வரிதானா என்று சோதித்த பின் நீக்குங்கள். அப்படி ஒரு வரி இல்லாமல், பெயர்கள் அகர வரிசையில் வரும் படிவத்தில் முதலில் நிற்கும் அம்பாசமுத்திரம் காணாமல் போய்விடும்.

கெட்டெக்ஸ்ட் வெற்று எழுத்தைத் தந்தால், அந்தச் ‘செலக்ட்’ திரையில் மறைக்கப்பட்டிருக்கிறது என்று பொருள் கொள்ளுங்கள். கெட்டெக்ஸ்ட் பயனருக்குத் தெரியும் எழுத்தை மட்டுமே தரும். அழகுக்காக மேலே வேறொரு பட்டியலை வரைந்து, உண்மையான ‘செலக்ட்’டை மறைத்து வைக்கும் நூலகங்கள் உள்ளன. அத்தகைய இடத்தில் டெக்ஸ்ட்கன்டென்ட் என்ற பண்பைப் படித்தால் பெயர் கிடைக்கும். ஆனால் பயனர் பார்ப்பது மேலே வரையப்பட்டதைத்தான்; அதையும் ஏழாம் படியில் உள்ளபடி தனியாகச் சோதிக்க வேண்டும்.

பட்டியலில் சில நூறு வரிகள் இருந்தால், ஒவ்வொரு கெட்டெக்ஸ்டும் பிரவுசருக்குத் தனியாகப் போய்வருவதால் ஸ்கிரிப்ட் மெதுவாகும். லூப் ஓடிக்கொண்டிருக்கும்போதே பட்டியல் புதுப்பிக்கப்பட்டால், பிடித்து வைத்த ஆப்ஷன் பக்கத்தில் இல்லை என்று சொல்லும் ஸ்டேல் எலிமென்ட் எக்ஸெப்ஷனும் நடுவில் வரும். அப்போது ஜாவாஸ்கிரிப்ட் எக்ஸிகியூட்டர் மூலம் எல்லா ஆப்ஷன்களின் பெயர்களையும் வேல்யூக்களையும் ஒரே அழைப்பில் எடுத்துவிடுவது நல்லது.

6. தேர்ந்தெடுக்கப்பட்டதைப் படித்தல்

கெட்ஃபர்ஸ்ட்செலக்டட்ஆப்ஷன் என்ற மெத்தட் போதும். பலவற்றைத் தேர்ந்தெடுக்க இடமுள்ள பட்டியல் என்றால் கெட்ஆல்செலக்டட்ஆப்ஷன்ஸ் பயன்படுத்துங்கள். எதுவும் தேர்ந்தெடுக்கப்படாதபோது முதலாவது எக்ஸெப்ஷன் எறியும். இரண்டாவது காலிப் பட்டியலைத் தரும்.

இங்கே வரும் தவறு எப்போதும் ஒரே மாதிரியானது: ‘செலக்டட்’ என்ற அட்ரிபியூட் (டேகுக்குள் எழுதப்படும் பண்பு) உள்ள ஆப்ஷனை எக்ஸ்பாத்தில் தேடுவது. அந்த அட்ரிபியூட், பக்கம் திறந்தபோது முன்னிருப்பாக இருந்ததைத்தான் சொல்கிறது; பயனர் தேர்வை மாற்றினாலும் அது மாறுவதில்லை. ஆகவே தென்காசியைத் தேர்ந்தெடுத்த பிறகும் திருநெல்வேலி என்றே விடை வரும். இப்போதைய நிலையை அறிய இஸ்செலக்டட் பயன்படுத்துங்கள்.

வேல்யூவைப் படிக்கும்போதும் இதே வேறுபாடு உண்டு. ஆப்ஷனில் வேல்யூ அட்ரிபியூட் எழுதப்படாமல் இருந்தால், கெட்டாம்அட்ரிபியூட் ‘நல்’ என்று, அதாவது மதிப்பே இல்லை என்று தரும். கெட்டாம்பிராப்பர்ட்டி ஆப்ஷனின் பெயரையே தரும். சர்வருக்குப் போவது பின்னதுதான்.

7. ‘செலக்ட்’ அல்லாத பட்டியல்களைப் படித்தல்

இவற்றில் ஆப்ஷன்கள் பெரும்பாலும் பட்டியலைத் திறக்கும் வரை பக்கத்திலேயே இருப்பதில்லை. எனவே வரிசை மாறுகிறது: சொடுக்குங்கள், திறக்கும் வரை காத்திருங்கள், படியுங்கள், எஸ்கேப் விசையால் மூடுங்கள். மூடாமல் விட்டால் அடுத்த பொத்தானை அது மறைத்து, அடுத்த டெஸ்டைக் கெடுக்கும்.

திறந்த பட்டியலை டிராப்டவுனுக்கு உள்ளேயே தேடாதீர்கள். பல நூலகங்கள் அதைப் பக்கத்தின் கடைசியில், ‘பாடி’ டேகின் இறுதியில் கொண்டுபோய் வைக்கின்றன. அணுகல்தன்மையைக் கவனித்து எழுதப்பட்ட பக்கமாக இருந்தால், ரோல் என்ற அட்ரிபியூட்டில் லிஸ்ட்பாக்ஸ், ஆப்ஷன் என்று எழுதியிருப்பார்கள். ஸ்டைல் வகுப்புகளின் பெயர்களைவிட அவற்றை நம்புங்கள்.

இன்ஸ்பெக்ட் செய்யப் போனால் பட்டியல் மூடிக்கொள்கிறது என்பது எல்லோரும் சொல்லும் குறை. குரோமின் டெவலப்பர் டூல்ஸில், ரெண்டரிங் பகுதியில் ‘எமுலேட் எ ஃபோகஸ்ட் பேஜ்’ என்பதை இயக்கினால், ஃபோகஸ் போனதால் மூடும் பட்டியல் திறந்தபடியே நிற்கும்.

நீளமான பட்டியல்களில், திரையில் தெரியும் வரிகளை மட்டும் உருவாக்கி, உருட்ட உருட்ட மற்றவற்றைக் கொண்டுவரும் முறை உண்டு. தமிழ்நாட்டின் 38 மாவட்டங்களில் 12 மட்டுமே படிக்கப்பட்டால் இதுதான் காரணமாக இருக்கக்கூடும். படித்ததை ஒரு லிங்க்டுஹேஷ்செட்டில் (வரிசை மாறாமல் சேர்த்து வைக்கும் ஜாவாத் தொகுப்பில்) சேர்த்து, உருட்டி, மீண்டும் படித்து, புதிதாக எதுவும் சேராத நிலை வரும் வரை தொடருங்கள். செட் என்பதால், இருமுறை வரும் பெயர் ஒரே முறைதான் நிற்கும்; பட்டியலில் உண்மையாகவே இரட்டிப்பு இருக்கிறதா என்பதை இதை வைத்துச் சோதிக்க முடியாது.

8. படித்ததை ஒப்பிடுதல்

தமிழ்ப் பெயர்களை ஒப்பிடும்போது, ஆங்கிலப் பெயர்களில் தலைகாட்டாத சிக்கல்கள் வருகின்றன. ராதாபுரத்திலிருந்து வந்து பயின்ற ஒரு தங்கை, ஒரு மாலை முழுவதும் ஒரே ஃபெயிலைப் பார்த்துக்கொண்டிருந்தார். எதிர்பார்த்தது பாளையங்கோட்டை, கிடைத்தது பாளையங்கோட்டை என்று ரிப்போர்ட்டில் இருந்தது. “அக்கா, ரெண்டும் ஒண்ணுதானக்கா, பின்ன ஏன் ஃபெயில் ஆவுது?” என்று கேட்டார்.

இரண்டின் நீளத்தையும் அச்சிடச் சொன்னேன். ஒன்று 13, மற்றொன்று 14. ‘கோ’ என்ற எழுத்தில் உள்ள ஓகாரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம். ஏகாரக் கொம்பும் காலும் என இரண்டு குறிகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, கணினிக்கு வேறு. செங்கோட்டையிலும் சங்கரன்கோவிலிலும் இதே சிக்கல் வரும். ஒப்பிடும் முன், இரு பக்கத்தையும் ஜாவாவின் நார்மலைசர் கொண்டு, இத்தகைய குறிகளை ஒன்றாகச் சேர்க்கும் என்எஃப்சி என்ற யூனிகோடு வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள். இரண்டும் ஒரே வடிவமாகிவிடும்.

இடைவெளிகளும் அப்படித்தான். பெயருக்கு முன்னும் பின்னும் உள்ளவற்றை நீக்குங்கள். டெக்ஸ்ட்கன்டென்ட் மூலம் படித்திருந்தால், வரி உடையாத இடைவெளியைச் சாதாரண இடைவெளியாகவும் மாற்றுங்கள்.

ஆனால் இதற்கு மேல் எதையும் சமன் செய்யாதீர்கள். பேச்சில் சேரன்மாதேவி என்கிறோம். அரசு ஆவணத்தில் சேரன்மகாதேவி. நாங்குநேரியை நான்குநேரி என்றும் எழுதுவார்கள். ஒரு திரையில் ஒரு வடிவமும் மற்றொரு திரையில் இன்னொன்றும் வந்தால், அது டெஸ்ட் பிடிக்க வேண்டிய பிழை. ‘இரண்டும் நம்மூர்ப் பெயர்தானே’ என்று ஸ்கிரிப்டில் விட்டுக்கொடுத்தால், அந்தப் பெயரைத் தேடும் இன்னொரு திரையில் தேடல் தோற்கும்.

அகர வரிசையைச் சோதிக்க வேண்டும் என்றால், ஜாவாவின் சாதாரண சார்ட்டை நம்பாதீர்கள். அது யூனிகோடு எண்களின்படி அடுக்கும். யூனிகோடில் ளகரம் வகரத்துக்கு முன் வருகிறது. நம் நெடுங்கணக்கில் வகரத்துக்குப் பின்தான் ழகரமும் ளகரமும். எனவே அகராதி வரிசையில் பாவூர்சத்திரம் முன்னும் பாளையங்கோட்டை பின்னும் வர வேண்டும். சாதாரண சார்ட் அதைத் தலைகீழாக்கும். ஐசியு என்ற யூனிகோடு நூலகத்தில் உள்ள தமிழ்க் கொலேட்டரை (மொழிக்கேற்ப அடுக்கும் கருவியை) பயன்படுத்தி அடுக்கி, அதனுடன் ஒப்பிடுங்கள்.

9. ஃபெயில் ஆகும்போது தெரிய வேண்டியதை எழுதி வைத்தல்

‘பட்டியல் பொருந்தவில்லை’ என்ற செய்தி எவருக்கும் பயன்படாது. விடுபட்ட பெயர்கள், மிகையாக வந்த பெயர்கள், இருமுறை வந்த பெயர்கள் ஆகியவற்றைத் தனித்தனியாகப் பிரித்து அச்சிடுங்கள். பெயர் ஒன்றாகவே தெரியும் சிக்கலுக்காக, ஒவ்வொரு பெயரின் பக்கத்திலும் அதன் நீளத்தையும் சேர்த்துவிடுங்கள்.

எழுதி முடித்ததும், டெஸ்டை வேண்டுமென்றே மூன்று முறை ஃபெயில் ஆக்கிப் பாருங்கள். எதிர்பார்க்கும் பட்டியலில் ஒரு பெயரை நீக்கி ஒரு முறை, ஒரு பெயரைக் கூட்டி ஒரு முறை, டெவலப்பர் டூல்ஸில் நெட்வொர்க்கை ஆஃப்லைனில் வைத்து வட்டப் பட்டியல் வராமல் செய்து ஒரு முறை. மூன்றாவதில் பச்சை வந்தால், நான்காம் படிக்குத் திரும்புங்கள்.